காதில் ஐந்து விதைகள்: பக்கவாதத்துக்குப் பின் வந்த மனச்சோர்வில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 59 வயதுப் பெண். பல்லடம் வட்டாரத்தில், வீட்டை ஒட்டிய தறிக்குடோனில் ஆறு விசைத்தறிகள் ஓடும் குடும்பம். கூலி நெசவு. பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நெய்து கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி. ஊடை நூலைத் தார் எனும் சிறு குச்சியில் சுற்றுவது, ஊடை ஓட்டும் நாடாவில் தார் மாற்றுவது, அறுந்த இழைக்கு முடி போடுவது என்று முப்பது வருடமாக இந்த அம்மாவின் கையில்தான் தறி ஓடியது. வீட்டில் 64 வயதுக் கணவர், மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேத்தி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மருத்துவ விவரங்கள் மாற்றப்படவில்லை.

எட்டு வருடமாகச் சர்க்கரை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தும் தலை சுற்றும் நாளில் மட்டும் போடும் பழக்கம். மாசிக் கடைசியில் ஒரு நாள் காலை 7 மணிக்கு இடது கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. வாய் கோணியதைப் பேத்திதான் முதலில் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம், புறா ரத்தம் தடவலாம் என்ற பேச்சில் காலை கழிந்து, சிடி ஸ்கேன் எடுக்கும்போது பிற்பகல் 1.30. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கான 4.5 மணி நேரம் முடிந்துவிட்டது. மூளையின் வலப்பக்க நடுப் பெருமூளைத் தமனியில் அடைப்பு. இடது கையும் காலும் விழுந்தன. பேச்சு குழறினாலும் புரிதல் கெடவில்லை. தட்டில் இடது பாதிச் சோற்றைக் கவனிக்காமல் விட்டுவிடும் அளவுக்கு இடப்பக்கப் புறக்கணிப்பு இருந்தது.

ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மருந்துகள்: ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரல் 75 மி.கி., கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் 40, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரு வேளை, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5, குளோர்தாலிடோன் 12.5, வயிற்றுக்குப் பான்டோபிரசோல் 40. இந்தப் பட்டியலில் நீர் மாத்திரையான குளோர்தாலிடோன் பின்னால் ஒரு பெரிய வேலை செய்யப்போகிறது. தன் வேலையைத் தானே செய்யும் திறனை 100-க்கு அளக்கும் பார்தெல் மதிப்பெண் அன்று 45.

ஆறாவது வாரம் கண்டது

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் கவனித்தது இது. மூன்றாம் வாரம் வரை கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முயன்றவர், நான்காம் வாரம் முதல் கால் வலி என்றார், பிறகு தலைவலி என்றார், அதன்பின் கண்ணை மூடிக்கொண்டார். பார்தெல் 50-இல் நின்றுவிட்டது. எடை 58 கிலோவிலிருந்து 54. இரவு மூன்று மணி நேரத் தூக்கம். வீட்டார் இதைப் பிடிவாதம் என்றார்கள். கணவர் சொன்னது: "முந்தி ஒரு நிமிசம் உக்கார மாட்டாளுங்க. இப்ப என்ன சொன்னாலும் அசையறதில்லை."

இன்னொன்று யாரும் சொல்லாமலே கண்ணில் பட்டது. கட்டில் கிடந்த அறைக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒரு கதவு. அதை எப்போதும் சாத்தியே வைக்கச் சொல்லியிருந்தார். சத்தத்துக்காக என்று வீட்டார் நினைத்தார்கள். முப்பது வருடம் அதே சத்தத்தின் நடுவில் நின்றவர் அவர்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 அளவைத் தமிழில் வாசித்துக் கேட்கப்பட்டது. மொத்தம் 27, 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும், 15-ஐத் தொட்டால் சிகிச்சை வேண்டும். முதல் தடவை கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக்கு அவரே பதில் சொன்னார். மதிப்பெண் 9. மறுநாள் அவர் நூல் எடுக்கப் போயிருந்த நேரத்தில் தனியாகக் கேட்டபோது 17. இந்த எட்டு எண் வித்தியாசத்தை எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்: கேள்விகளைத் தனியே கேளுங்கள்.

17 எப்படி வந்தது என்பதும் முக்கியம். எதிலும் நாட்டமின்மை 3, மனம் வாடியிருத்தல் 2, தூக்கம் 3, களைப்பு 3, பசி 2, தன்னைக் குறைவாக நினைத்தல் 2, கவனச் சிதறல் 0, அசைவு மந்தம் 1, இறந்தால் தேவலை என்ற நினைப்பு 1. தூக்கம், களைப்பு, பசி மூன்றும் சேர்ந்து 8. இவை பக்கவாதத்தாலும் வரும், ஆஸ்பத்திரிப் படுக்கையாலும் வரும். மீதி 9 மனத்தினுடையது. கடைசிக் கேள்விக்கு அவர் சொன்னது, "சாமி எடுத்துக்கிட்டாப் போதுமுங்க, இருந்து என்னத்துக்குங்க." திட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் தென்னைக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்து டப்பா அன்றே வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டது.

காரணமில்லாமல் நொடியில் அழுது நொடியில் நிற்கும் உணர்ச்சிக் கட்டுப்பாடின்மை இவருக்கு இல்லை. வெறும் ஊக்கமின்மையும் இல்லை. அதில் குற்ற உணர்வு இருக்காது, இவருக்கு இருந்தது. "மருமவ எனக்குப் பண்ணறா, நான் அவளுக்குப் பண்ண வேண்டிய வயசுல" என்று இரண்டு முறை சொன்னார். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பார்க்கப்பட்டன. மனச்சோர்வை விளக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. ரத்தத்தில் சோடியம் மட்டும் மறுபடி பார்க்கப்படவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 136 என்று இருந்ததே போதும் என்று விடப்பட்டது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

முதல் பரிந்துரை மாத்திரைதான். கணவரும் நோயாளியும் சேர்ந்தே மறுத்தார்கள். மனநலத்துக்கு மாத்திரை என்றதும் "மண்டைக்குக் குடுக்கற மாத்திரை" என்ற சொல் வந்தது. பேத்தியின் கல்யாணம் வரைக்கும் பேச்சு போயிற்று. அதே மூச்சில், திருப்பூரில் இருக்கும் நாத்தனார் முழங்கால் வலிக்குக் காதில் விதை ஒட்டிக்கொண்டதாகச் சொல்லி, அது வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள்.

காதின் சில புள்ளிகளில் விதையை ஒட்டி அழுத்தும் இந்தக் காது அழுத்த முறை பற்றித் தெரிந்தது இவ்வளவு. காதில் உடலின் வரைபடம் இருக்கிறது என்ற இன்றைய வடிவம் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே 1950-களில் வெளியிட்டது. அதைச் சீனர்கள் எடுத்துத் தங்கள் மருத்துவத்தோடு இணைத்துப் புள்ளிகளைப் பெருக்கினார்கள். பக்கவாதத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் இதைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவில் நடந்தவை, சிறியவை. விதை ஒட்டியிருப்பது நோயாளிக்குத் தெரியும் என்பதால் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவதும் கடினம். பெரும்பாலானவற்றில் மாத்திரையோடு சேர்த்தே விதை ஒட்டப்பட்டிருக்கிறது. மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

நம்பத்தக்க உடற்கூற்று அடிப்படை ஒன்று உண்டு. மூளைத்தண்டிலிருந்து நெஞ்சு, வயிறு வரை போகும் வேகஸ் நரம்பு தோலுக்கு வரும் ஒரே இடம் காதுதான். காதுத் துளையை ஒட்டிய குழிவின் மேல்பாதிக்கும் துளைக்குள்ளும் அதன் கிளை வருகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது இதனால்தான். அந்தக் கிளை மூளைத்தண்டுக்குப் போய், மனநிலையோடும் தூக்கத்தோடும் தொடர்புடைய பகுதிகளை எட்டுகிறது. ஆனால் இந்த வழியை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மின்தூண்டலை வைத்து ஆராய்ந்தார்கள். 2021-இல் பக்கவாதக் கைக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றதோ, நெஞ்சில் பதித்துக் கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி. அதைக் காட்டி ஒரு விதையை விற்பது நேர்மையில்லை. தோப்புக்கரணத்தில் காதைப் பிடிப்பதும் இதுதானே என்று கணவர் கேட்டார். தோப்புக்கரணத்தில் பிடிப்பது காதுச்சோணை. அங்கே வேகஸ் கிளை இல்லை என்று பதில் சொல்லப்பட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

தீங்கு குறைவு, செலவு குறைவு, வீட்டார் தாங்களே கேட்டது. இந்த மூன்றுக்காக விதை ஒப்புக்கொள்ளப்பட்டது, நிபந்தனையோடு. நோட்டில் எழுதிக் கணவரும் மகனும் கையெழுத்துப் போட்டார்கள்: காலம் 14 நாள். மொத்த மதிப்பெண் குறைந்தது 5 இறங்க வேண்டும், நாட்டமும் மனவாட்டமும் ஆகிய முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றாவது இறங்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் மாத்திரை. சாவு பற்றிய பேச்சு கூடினால் அன்றே மனநல மருத்துவர். இரவானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416.

ஒட்டிய முறை

எந்தக் காது என்பதில்தான் முதல் சிக்கல். வழக்கமாக இரண்டு காதிலும் மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். இவருக்கு இடப்பக்கம் உணர்வு குறைவு. பஞ்சாலும் பல்குச்சியின் நுனியாலும் இரண்டு காதிலும் தொட்டுப் பார்த்தபோது இடது காதில் குத்துவது பாதிதான் தெரிந்தது. வலி தெரியாத தோலில், அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு, விதையை வைத்து அழுத்தினால் புண்ணாவது கண்ணில் படும்வரை தெரியாது. போதாததற்கு இடப்பக்கத்தையே கவனிக்காதவர். எனவே வலது காது மட்டும். மாற்றுக் காது இல்லாததால் தோலுக்கு ஓய்வு நாட்களில்தான்: திங்கள் காலை ஒட்டி வெள்ளி காலை எடுப்பது, மூன்று நாள் வெறும் காது.

ஐந்து புள்ளிகள். உள்வளையம் மேலே இரண்டாகப் பிரியும் முக்கோணக் குழியில் ஷென்மென் என்ற புள்ளி. காதுத் துளையை ஒட்டிய பெரிய குழிவின் நட்டநடுவில் இதயம். அதற்கு மேல் குழிவின் பின்னோரத்தில் கல்லீரல். சோணைக்கு மேலுள்ள எதிர்மேட்டின் உட்பக்கத்தில் புறணியடி. காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் முன்மேட்டுக்கும் எதிர்மேட்டுக்கும் இடையிலான பள்ளத்தின் அடியில் நாளமில்லாச் சுரப்பி. இதயம், கல்லீரல் என்பவை சீன மருத்துவத்தின் பெயர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் "காதுல ஈரல் இருக்குதாம்" என்று ஊரெல்லாம் பரவும். ஈரல் பரிசோதனை வேண்டுமா என்று மகன் கேட்டே விட்டார்.

பொருள்: சதுர பிளாஸ்திரித் துண்டின் நடுவில் ஒட்டி வரும் வக்காரியா என்ற செடியின் விதை, ஏறத்தாழ 2 மி.மீ. குறுக்களவு, கடுகை விடக் கொஞ்சம் பெரிது. காந்த மணிகளும் கிடைக்கின்றன. உலோகம் ஒவ்வாத தோல்களில் அவை தடிப்பை உண்டாக்கும் என்பதால் விதையே போதும். 70 சதவீத ஸ்பிரிட், பஞ்சு, வளைந்த முனை இடுக்கி, மழுங்கிய முனையுள்ள ஒரு குச்சி.

காதை ஸ்பிரிட்டால் துடைத்து முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் மதியத்துக்குள் கழன்றுவிடும். குச்சியால் ஒவ்வொரு இடத்தையும் ஒரே அளவு அழுத்தத்தில் சுற்றித் தொட்டு, எங்கே அதிகம் வலிக்கிறது என்று நோயாளி முகம் சுளிக்கிறாரோ அங்கே விதையை வைக்க வேண்டும். படத்தில் உள்ள இடத்துக்கும் வலிக்கிற இடத்துக்கும் 2, 3 மி.மீ. வித்தியாசம் வரலாம். வலிக்கிற இடமே சரி.

அழுத்துவது ஒரு நாளைக்கு மூன்று முறை: காலை டீக்கு முன், பிற்பகல் 3 மணி, படுக்கப் போவதற்கு அரை மணி முன். கட்டைவிரல் காதின் பின்னால், ஆட்காட்டி விரலின் சதை விதை மேல். இரண்டு நொடி நேராக அழுத்தி விடுவது, ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம். காது சூடாகி லேசாகக் கனக்க வேண்டும், அதற்கு மேல் வலிக்கக் கூடாது. தேய்க்கவே கூடாது. விதையைத் தேய்த்தால் தோல் உரியும். நகம் படக் கூடாது. முதல் அழுத்தல் உட்கார்ந்த நிலையில், நாடி பார்த்துச் செய்யப்பட்டது: முன் 78, பின் 72. வேகஸ் தூண்டலில் நாடி இறங்கி மயக்கம் வரலாம் என்பதால் 55-க்குக் கீழே போனாலோ வியர்த்தாலோ நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கப்பட்டது. தினம் காலை விதைகளை எண்ணி நோட்டில் குறிப்பதும் விதி. கழன்ற விதை காதுத் துளைக்குள் உருண்டால் வீட்டில் தோண்டக் கூடாது.

விதையோடு மட்டும் போன இரண்டு வாரம்

முதல் நாள் ஒட்டிய ஐந்தில் மறுநாள் காலை இரண்டுதான் மிச்சம். மூன்றும் தலையணையில் கிடந்தன. சித்திரை வெயிலின் வியர்வை ஒரு காரணம். பெரிய காரணம் தேங்காய் எண்ணெய். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவும்போது மருமகளின் விரல் காதிலும் பட்டுவிடும். விதை இருக்கும் நாட்களில் எண்ணெய் நெற்றிக்கு மேலோடு நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமை விதையை எடுத்தபின் எண்ணெய்க் குளியல் என்று ஏற்பாடு மாறியபின் நான்கு நாளும் தங்கின. வெள்ளி தலைக்கு ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தோடு ஓய்வு நாள் பொருந்தியது தற்செயல்.

எட்டாம் நாள் மருமகள் தாய்வீட்டு ஊர்த் திருவிழாவான நோம்பிக்குப் போனார். இரண்டு நாள் கணவர் அழுத்தினார். தறியில் பழகிய கை, நகத்தோடு. பத்தாம் நாள் நாளமில்லாச் சுரப்பிப் புள்ளி உள்ள பள்ளத்தில் தோல் 2 மி.மீ. உடைந்திருந்தது. அந்த விதை எடுக்கப்பட்டு அந்தப் புள்ளி பத்து நாள் விடப்பட்டது. கவனிக்கச் சொன்னது ஒன்று: காது சிவந்து சூடாகி வீங்கி, சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால் அது குருத்தெலும்பு உறையில் கிருமி, சோணையில் குருத்தெலும்பு இல்லாததால் அது தப்பிக்கும். அப்படியானால் அன்றே மருத்துவர், ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது. இவருக்கு அந்த அளவு போகவில்லை.

14-ஆம் நாள் மதிப்பெண் 14. தூக்கம் 3-லிருந்து 1, களைப்பு 3-லிருந்து 2. மற்ற ஏழும் அசையவில்லை. வீட்டார் கண்ணுக்கு இது பெரிய மாற்றம். இரவில் ஆறு மணி நேரம் தூங்குகிறார். விதையைத் தொடரலாம், மாத்திரை வேண்டாம் என்றார்கள். ஆனால் நோட்டில் இன்னொரு குறிப்பும் இருந்தது. ஜவுளிக்காரரிடமிருந்து பாவு வராததால் அந்த இரண்டு வாரமும் இரவுத் தறி ஓடவில்லை. தூக்கத்தைக் கொடுத்தது காதா, அமைதியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இறங்கியது 3, வேண்டியது 5. முதல் இரண்டு கேள்விகளும் அப்படியே. விதியை முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்காவிட்டால் அன்று மாத்திரை தொடங்கியிருக்காது.

மாத்திரை

மனநல மருத்துவரிடம் போனில் பேசி, மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் 25 மி.கி. ஒரு வாரம், பிறகு 50, காலை உணவுக்குப் பின். அதே வகையைச் சேர்ந்த ஃப்ளூஆக்ஸெட்டின் தவிர்க்கப்பட்டது, குளோபிடோக்ரல் வேலை செய்யத் தேவையான கல்லீரல் நொதியை அது தடுக்கும். பக்கவாதம் வந்த எல்லோருக்கும் இம்மாதிரி மாத்திரை கொடுத்தால் கைகால் மீளுமா என்று பிரிட்டனில் 3127 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஃபோகஸ் ஆய்வு, மீளவில்லை என்றது: மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. எனவே மாத்திரை மனச்சோர்வுக்காக மட்டும் என்றும், விழாமலிருக்கக் கட்டிலோரம் கைப்பிடி வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. கைப்பிடியை மகன் தறிக்கு வாங்கிய குழாயில் அன்றே செய்து மாட்டினார். விதை தொடர்ந்தது.

பன்னிரண்டாம் நாள்

செர்ட்ராலின் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலை குமட்டல், தலைவலி. மதியம் பேத்தியைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டார். மாலையில் எழுப்பினால் கண் திறந்து மறுபடி உறங்கினார். காதில் இருந்ததுதான் மூளை நரம்பைத் தொட்டுவிட்டது என்று கணவர் ஐந்து விதையையும் பிய்த்து எறிந்தார். மருமகள் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

சிடியில் புதிய அடைப்போ கசிவோ இல்லை. சோடியம் லிட்டருக்கு 123 மில்லிமோல். 135 இருக்க வேண்டியது. செர்ட்ராலின் வகை மருந்துகள் உடலில் நீரைத் தேக்கிச் சோடியத்தை இறக்கும், முதல் சில வாரங்களில், வயதானவர்களில், பெண்களில் அதிகம். குளோர்தாலிடோன் சிறுநீரில் சோடியத்தை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தன. மூன்றாவது ஒன்றும் இருந்தது: ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னதை வீட்டார் உப்பையே எடுத்துவிடச் சொன்னதாகப் புரிந்துகொண்டு ஒன்றரை மாதமாக உப்பில்லாச் சோறும் மோரும் கொடுத்திருந்தார்கள். வெயிலுக்கு நிறையத் தண்ணீரும்.

செர்ட்ராலினும் குளோர்தாலிடோனும் நிறுத்தப்பட்டன. 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறாதபடி சோடியம் மெதுவாகச் சரிசெய்யப்பட்டது. வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டே சிதையக்கூடும். நான்காம் நாள் 133. அம்லோடிபின் 10 ஆயிற்று, பிறகு ரத்த அழுத்தத்துக்கே டெல்மிசார்டன் 40 சேர்ந்தது. சமையலில் ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஊறுகாயும் அப்பளமும் இல்லை என்று அளவாகவே சொல்லப்பட்டது.

நல்லது நடந்தபோது காரணம் விதை, கெட்டது நடந்தபோதும் காரணம் விதை. கண்ணுக்குத் தெரிவது அதுதான். மாத்திரை வயிற்றுக்குள் போனபின் யார் கண்ணிலும் படுவதில்லை.

மீண்டும்

பத்தாவது வாரம், வேறு வகை மனச்சோர்வு மாத்திரையான மிர்டாசபின் 7.5 மி.கி. இரவில், ஒரு வாரத்துக்குப் பின் 15. இதில் சோடியம் இறங்கும் ஆபத்து குறைவு. பசியும் தூக்கமும் கூடும், 54 கிலோ உள்ளவருக்கு அது வேண்டியதே. சர்க்கரையை மாதமொரு முறை பார்ப்பது நிபந்தனை. இம்முறை சோடியம் தொடங்குமுன், ஒரு வாரத்தில், நான்கு வாரத்தில் என மூன்று முறை பார்க்கப்பட்டது: 136, 137, 137.

விதை இனி இல்லை என்றுதான் முடிவாகியிருந்தது. பதினோராம் வாரம் நோயாளியே கேட்டார்: "அந்த வெதைய மறுக்கா ஒட்டச் சொல்லுங்க. புள்ள வந்து பக்கத்துல உக்கார மாட்டீங்கறா." காது அழுத்தும் சாக்கில் மருமகள் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு, மாத்திரை, பெட்பான் தவிர்த்த ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் பேச்சு வேறு விஷயங்களுக்குப் போயிருக்கிறது. விதை நின்றதும் அதுவும் நின்றது.

எனவே விதை மறுபடி ஒட்டப்பட்டது, நான்கு புள்ளிகளில், புண் பட்ட இடத்தை விட்டு. ஒரு மாற்றம்: பிற்பகல் அழுத்தலை நோயாளியே தன் வலது கையால் செய்தார், மருமகள் கூட இருந்தார். அழுத்தி முடித்ததும் தறிக்குடோன் கதவைத் திறந்து நாற்காலியில் கால் மணி நேரம். முதல் மூன்று நாள் மறுத்தார். நான்காம் நாள், "மூணாந் தறியில நாடா சரியா ஓடலை, சத்தத்தப் பாரு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். மகன் பார்த்தார், சரியாகத்தான் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் முதல் சுற்றிய தாரை ஒரு கையால் எண்ணிக் கூடையில் போடும் வேலை, இடப்பக்கக் கூடையில். புறக்கணிப்புக்கு அதுவே பயிற்சி. எழுந்து நிற்கும் பயிற்சி தறிக்குடோனிலேயே, முதலில் ஐந்து முறை, பிறகு பத்து.

பதினான்காம் வாரம் பிஎச்க்யூ-9 மதிப்பெண் 9. கடைசிக் கேள்விக்கு 0. பார்தெல் 65. பதினேழாம் வாரம், ஆடிக் காற்றில் தூசி கூடிக் காதில் அரிப்பு வந்ததால் விதை நிறுத்தப்பட்டது. உட்கார்ந்து பேசும் நேரம் தொடர்ந்தது. விதையில்லாமல் மூன்று வாரம் கழித்து, இருபதாம் வாரம் மதிப்பெண் 5, தூக்கம் அப்படியே, பார்தெல் 80, எடை 56 கிலோ. ஒரு ஊன்றுகோலோடு வாசல் வரை நடக்கிறார். இடது கை இன்னும் பிடிக்காது. மிர்டாசபின் தொடர்கிறது, நலமானபின் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதாக ஏற்பாடு. அதை மண்டை மாத்திரை என்று இப்போதும் கணவர்தான் சொல்கிறார், எடுத்துக் கொடுப்பதும் அவர்தான்.

விதை எவ்வளவு உதவியது என்று இந்த ஒரு நிகழ்விலிருந்து சொல்ல முடியாது. முதல் சுற்றில் இரவுத் தறி நின்றிருந்தது, இரண்டாம் சுற்றில் மிர்டாசபின் இருந்தது. விதையை எடுத்தபின் எதுவும் மோசமாகவில்லை. சொல்ல முடிவது, மாத்திரையை மறுத்த வீட்டுக்குள் அது கால் வைக்க இடம் கொடுத்தது, பக்கத்தில் உட்கார ஒரு காரணம் கொடுத்தது என்பதுதான்.

இன்னொரு முறை என்றால்

17 மதிப்பெண்ணும் சாவு நினைப்பும் உள்ளவருக்கு 14 நாள் காத்திருந்தது அதிகம். முதல் நாளே மனநல மருத்துவரை வீட்டாரோடு போனில் பேச வைத்திருக்கலாம். எட்டாவது வாரம் அவர் பத்து நிமிடம் பேசியதும் கணவரின் மறுப்பு பாதியாகக் குறைந்தது. விதை அதே நாளில் மாத்திரையோடு சேர்ந்தே போயிருக்கும்.

குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை உள்ளவருக்குச் செர்ட்ராலின் வகை தொடங்குமுன் சோடியம் பார்க்காமல் விட்டது தவறு. ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் மறுபடி பார்த்திருந்தால் குழப்பம் வருமுன் தெரிந்திருக்கும். நீர் மாத்திரையை முதலிலேயே மாற்றக் கேட்டிருக்கலாம். உப்பு பற்றி "குறைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படியைப் பார்க்காததும் இதில் சேரும்.

அழுத்தும் முறையை ஒருவருக்கு மட்டும் கற்றுக் கொடுத்தது இன்னொன்று. நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் ஆள் மாறும். இரண்டு பேருக்காவது, அவர்கள் விரலைத் தன் முன்கையில் அழுத்திக் காட்டச் சொல்லி, நகம் வெட்டிய பின் கற்றுக் கொடுக்க வேண்டும்.

நோட்டுப் பக்கமும் மாறியிருக்கிறது. முன்பு விதை எண்ணிக்கை, நாடி, தூக்க மணி என்று மூன்று பத்திகள். இப்போது அவற்றோடு நான்காவதாக அன்று வீட்டில் வேறென்ன மாறியது என்று எழுத ஒரு பத்தி: தறி ஓடியதா, யார் ஊரில் இல்லை, எந்த மாத்திரை புதிது.